குடித்துவிட்டு ஓட்டி உயிரைப் பறித்தவருக்கு மறுநாளே ஜாமீன்: சட்டம் போதவில்லையா?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. தனியார் நிறுவனத்தில் மாதம் 24,000 ரூபாய் சம்பளம். மூன்று மாதங்களுக்கு முன், இரவு 10.40 மணிக்கு வேலை முடிந்து இரு சக்கர வாகனத்தில் வந்துகொண்டிருந்தார். தவறான பக்கத்தில் வேகமாக வந்த கார் மோதி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். ஓட்டியவர் நிற்க முடியாமல் தள்ளாடியதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவருக்கு ரத்தம் எடுத்ததே அதிகாலை 3 மணிக்குத்தான். 24 மில்லிகிராம் என்று அறிக்கை வந்திருக்கிறது. மறுநாளே ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார். இதற்கு முன்பும் குடித்துவிட்டு ஓட்டி, கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதம் கட்டியவராம். இப்போது பணம் தருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்புகிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். இவ்வளவுதானா தண்டனை? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். அதை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடம் அதிக நாட்கள் இல்லை.

மறுநாளே ஜாமீன் கிடைத்ததற்குக் காரணம், வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் பதிவாகியிருப்பதுதான். கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்பது அதன் பொருள். அது ஜாமீனில் விடத்தக்க குற்றம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அது 5 ஆண்டாகியிருக்கிறது. அதற்கும் மேலே 105-வது பிரிவு இருக்கிறது. கொலையாகாத மரணம் விளைவித்தல். தன் செயலால் உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்தவருக்கு 10 ஆண்டு வரை சிறை. அதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, விசாரணையும் செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான்.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் இந்தப் பிரிவு பொருந்துமா? பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் இரண்டு முறை சொல்லியிருக்கிறது. 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் உறங்கிய 7 தொழிலாளர்கள் கார் ஏறி இறந்த வழக்கு ஒன்று. 1999-ல் டெல்லியில் 3 காவலர்கள் உட்பட 6 பேர் இறந்த வழக்கு மற்றொன்று. இரண்டிலும் இது வெறும் கவனக்குறைவு அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் கிடைத்த தண்டனையைக் கேளுங்கள். முதல் வழக்கில் 3 ஆண்டு சிறை. இரண்டாவதில் ஏற்கெனவே அனுபவித்த 2 ஆண்டு போதும் என்று சொல்லி, 50 லட்சம் ரூபாய் கட்டவும் சமூக சேவை செய்யவும் உத்தரவிட்டார்கள். சட்டம் 10 ஆண்டு வரை இடம் கொடுத்தும் நிலைமை இதுதான். 7 உயிர்களுக்கு 3 ஆண்டு என்பதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆனாலும் 105 தானாக வந்துவிடாது. குடித்திருந்தார் என்பது மட்டும் போதாது. ஆபத்து தெரிந்தே ஓட்டினார் என்று காட்ட வேண்டும். உங்கள் வழக்கில் அதற்கு வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன. தவறான பக்கத்தில் வந்திருக்கிறார். வேகம். நேரில் பார்த்த சாட்சிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே ஒரு முறை தண்டிக்கப்பட்டவர்.

இப்போது அந்த 24 மில்லிகிராம். இதில் நீங்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். உலகின் பல நாடுகளைவிட இது கடுமையான வரம்பு, இங்கிலாந்தில் 80. ஆனால் ரத்தத்தில் ஆல்கஹால் அப்படியே தங்கிவிடுவதில்லை. சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில் இறங்கிக்கொண்டே போகும். 10.40-க்கு விபத்து, 3 மணிக்கு ரத்தம். இடையில் 4 மணி 20 நிமிடம். அப்படியானால் மோதிய நேரத்தில் அவர் ரத்தத்தில் 90-ஐ ஒட்டி இருந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கை நீதிமன்றம் தானாகப் போட்டுப் பார்க்காது. தடய அறிவியல் நிபுணரைச் சாட்சியாக அழைத்துச் சொல்லவைக்க வேண்டும். அதற்கு அரசு வழக்கறிஞர் கேட்க வேண்டும், அவரைக் கேட்கவைக்க உங்கள் தரப்பில் ஒருவர் இருக்க வேண்டும்.

அன்று அவரைப் பரிசோதித்த மருத்துவர் கொடுத்த சான்றிதழையும் பாருங்கள். "மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை" என்ற வாசகம் பல வழக்குகளைச் சாய்த்திருக்கிறது. நடை, பேச்சு, கண்மணி பற்றி மருத்துவர் என்ன குறித்திருக்கிறார், எத்தனை மணிக்குக் குறித்திருக்கிறார் என்பது முக்கியம். 2024 மே மாதம் புணேயில் 2 பேர் இறந்த கார் விபத்தில், ரத்த மாதிரியையே மாற்றியதாக மருத்துவர்கள் கைதானதை நாடே பார்த்தது. அதனால்தான் இந்தக் காகிதங்களை விடாமல் கேட்கச் சொல்கிறேன்.

சட்டம் போதுமா என்று கேட்டீர்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எழுத்தில் உள்ள சிறைத்தண்டனையை இன்னும் கூட்டுவதால் மட்டும் சாலையில் யாரும் பிழைத்துவிடப் போவதில்லை. பிடிபடுவோம், பிடிபட்டால் ஓட்ட முடியாது என்ற நிச்சயம்தான் மனிதனை நிறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று தொடங்கினார்கள். சாலை மரணங்கள் பெரிதும் குறைந்தன. இங்கே நடப்பது என்ன? முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு முன் முதல் குற்றத்துக்கான அபராதம் வெறும் 2,000. பல வழக்குகள் அபராதத்தோடு முடிந்துவிடுகின்றன. வசதி உள்ளவருக்கு அது சுங்கச்சாவடியில் கட்டும் கட்டணம் மாதிரி. கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அவருக்கு உறைக்கக்கூடியது ஓட்டுநர் உரிமம். அதைப் பறிக்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. குடித்து ஓட்டியவரின் உரிமத்தைக் காவலர் கைப்பற்றி, தகுதி நீக்கத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 206-வது பிரிவு சொல்கிறது. நீதிமன்றமும் தகுதி நீக்கம் செய்யலாம். முதல் முறையே இதைச் செய்திருந்தால் அந்த இரவில் அவர் கையில் ஸ்டியரிங் இருந்திருக்குமா என்ற கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் குடித்து ஓட்டித் தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டு உரிமம் போவது பொது விதி. இங்கும் அப்படி ஒரு கட்டாயம் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உங்கள் வேலை. அவருடைய முந்தைய தண்டனைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அந்த நீதிமன்றத்தில் மனு போடுங்கள். அது இல்லாவிட்டால் 185-ல் இதையும் முதல் குற்றமாகவே எழுதிவிடுவார்கள். நகலை இணைத்து, 105-வது பிரிவைச் சேர்க்கக் கோரி விசாரணை அதிகாரிக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குற்றப்பத்திரிகை ஏற்கெனவே தாக்கலாகியிருந்தாலும் குற்றச்சாட்டை மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அரசு வழக்கறிஞருக்கு உதவியாக உங்கள் வழக்கறிஞரை அனுமதிக்கும்படியும் கேட்கலாம்.

ஆள் அனுப்புபவர்களிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 106-ம் சரி, 105-ம் சரி, சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் அல்ல. அவர்கள் விரும்புவது உங்கள் சாட்சிகளின் மௌனத்தை.

இழப்பீடு அவர்கள் போடும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை. உங்கள் கணவரின் சம்பளத்தோடு எதிர்கால உயர்வுக்காக 25 சதவீதம் சேர்த்தால் 30,000. நீங்கள் நால்வர் அவரை நம்பியிருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 22,500. அதை 12-ஆல் பெருக்கி, 43 வயதுக்குரிய பெருக்கெண்ணான 14-ஆல் பெருக்கினால் 37,80,000 ரூபாய். துணையை இழந்ததற்கும் இறுதிச் சடங்குக்கும் உரிய தொகைகள் தனி. ஓட்டியவர் குடித்திருந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கப் பார்க்கும். உங்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாக உத்தரவிடுகின்றன.

இந்த மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு 3 மாதம் ஏற்கெனவே போய்விட்டது. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கணவரின் சம்பளச் சீட்டு, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.