பிக்கப்பின் பின்தொட்டியில் கேம்ப்பர் கேபின்: தொட்டியும் வயரிங்கும் தயாராவது எப்படி?

கேள்வி: பெங்களூருவில் இருக்கிறோம். எங்களிடம் பிஎஸ்6 டீசல், இரட்டை கேபின் பிக்கப் இருக்கிறது. பின்தொட்டி 5 அடி. பீன்யாவில் ஒரு பட்டறையில், தேவைப்படும்போது ஏற்றி இறக்கும்படி படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டியுடன் ஒரு கேபின் செய்யப் பேசியிருக்கிறோம். இரும்பு டியூப்பும் பிளைவுட்டும் சேர்த்து 450 கிலோ வரும் என்கிறார்கள். கேபினைப் பிடித்துக்கொள்ளச் சேசிஸில் நான்கு கொக்கிகளை வெல்ட் செய்துவிடலாம், டெயில் லாம்ப் வயரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். சரியா? தொட்டியில் வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த இரண்டுமே வேண்டாம். ஆனால் அதற்கும் முன்னால் 450 கிலோவைப் பற்றிப் பேச வேண்டும். பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆர்சியை எடுத்து, மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் வண்டி தாங்க அனுமதிக்கப்பட்ட எடை. ஓட்டுநரின் எடையும் அதில்தான் அடங்கும். இருவரும் இரு பிள்ளைகளும் 200 கிலோ, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 12, ஃபிரிட்ஜ் 15, மெத்தை 10, அடுப்பும் பாத்திரமும் 15, துணிமணி, சாப்பாட்டுச் சாமான் 40. கேபின் இல்லாமலே 332 கிலோ. 450-ஐச் சேர்த்தால் 782.

ஒரு டன் ஏற்றும் பொலேரோ கேம்ப்பர் போன்ற வண்டிக்கு இது பொருந்தும். குடும்பத்துக்கென்று வாங்கும் சொகுசு இரட்டை கேபின் வண்டிகளில் அந்த மிச்சம் பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினாலோ, ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றுப் பை) வைத்தாலோ வண்டி தாழாமல் நிற்கும். ஆனால் பிரேக், ஆக்சில், டயர் எதுவும் கூடுதல் எடைக்கு மாறிவிடாது. ஆர்சியில் உள்ள எண்ணும் மாறாது. கணக்கு இடிக்கிறது என்றால் கேபினைத்தான் இளைக்க வைக்க வேண்டும்: அலுமினிய டியூப் சட்டம், நடுவே ஃபோம் வைத்த சாண்ட்விச் பலகை, மடக்கி உயர்த்தும் கூரை. இரும்புச் சட்டத்தை விட்டு வந்தாலே எடை கணிசமாக இறங்கும்.

எவ்வளவு எடை என்பதைப் போலவே எங்கே எடை என்பதும் முக்கியம். கேபின் முடிந்ததும் தரையில் ஒரு குழாயைக் குறுக்கே போட்டு அதன் மேல் கேபினை நகர்த்திப் பாருங்கள். முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் இடமே எடை மையம். அங்கே சிவப்பு டேப் ஒட்டுங்கள். வண்டியில் ஏற்றியபின் அந்தக் குறி பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. 3.1 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 40 லிட்டர் தண்ணீரை வைத்தால், பின் ஆக்சிலில் 40 அல்ல, 53 கிலோ ஏறும். முன் ஆக்சிலில் 13 கிலோ குறையும். இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் சேரச் சேர ஸ்டியரிங் லேசாகி, மலைப்பாதை வளைவில் முன் சக்கரப் பிடிப்பு குறையும். எனவே தண்ணீர்த் தொட்டி, பேட்டரி இரண்டையும் பின்தொட்டியின் முன்சுவரை ஒட்டி, தரையோடு வையுங்கள்.

இனி பின்தொட்டி. பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அது வழுக்கும், அடியில் மண்ணும் தண்ணீரும் தேங்கி, அதிர்வில் பெயிண்ட் தேய்ந்து துருப்பிடிக்கும். கழற்றியதும் வடிகால் துளைகளைச் சுத்தம் செய்து, துரு இருந்தால் தேய்த்து ஜிங்க் பிரைமர் அடியுங்கள். தொட்டியைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரிபாருங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிறகு 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில் கெட்டி ரப்பர் மேட். ஸ்பாஞ்ச் போல் அமுங்கும் மேட் வேண்டாம். அது நாளாக நாளாக நசுங்கி, இறுக்கிய கட்டு தளர்ந்துவிடும்.

கேபினின் எடை முழுவதும் தொட்டியின் தரையில் உட்கார வேண்டும். பக்கச் சுவர்களின் மேல் விளிம்பில் உட்கார்ந்தால் தகடு வளையும். விளிம்புக்கு மேலே 3 செ.மீ. இடைவெளியும், வண்டியின் கூரைக்கும் அதன் மேல் நீளும் படுக்கைப் பகுதிக்கும் நடுவே 5 முதல் 7 செ.மீ. இடைவெளியும் விடுங்கள். சேசிஸ் முறுக்கும்போது முன்கேபினும் பின்தொட்டியும் தனித்தனியே அசையும். இடைவெளி இல்லையென்றால் ஒன்றையொன்று இடிக்கும். உயரம் போதவில்லையா? ரப்பர் மேட்டின் அடியில் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் போட்டு ஏற்றுங்கள். கேபினின் முன்சுவருக்கும் தொட்டியின் முன்சுவருக்கும் நடுவே இரண்டு கெட்டி மரக்கட்டைகள், பக்கங்களில் சக்கர வளைவை ஒட்டி இரண்டு வழிகாட்டிக் கட்டைகள். பிரேக் அடிக்கும்போது முன்னால் பாயும் எடையை இந்த முன்கட்டைகள்தாம் வாங்கும். பின்கதவைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ரிவர்ஸ் கேமரா பிளக்கைப் பிரித்து மூடி போட்டுவிடுங்கள்.

சேசிஸில் வெல்டிங் ஏன் கூடாது? அது உயர்பலம் கொண்ட எஃகு. வெல்டிங் சூடு பட்ட ஓரம் பலவீனமாகி, மாதக்கணக்கில் அதிர்ந்து, அங்கிருந்தே விரிசல் தொடங்கும். பெட்டிச் சட்டத்தின் உள்ளே இருக்கும் துருத்தடுப்புப் பூச்சும் எரிந்துவிடும். அதைத் திரும்பப் பூசுவது கடினம். பேட்டரியைக் கழற்றாமல் வெல்ட் செய்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவும் போகலாம். மாற்று வழி போல்ட். சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளுக்குப் பொருந்தும்படி 6 மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட் வெட்டி, எம்12, 8.8 கிரேடு போல்ட், நைலாக் நட்டு. சேசிஸின் மேல், கீழ் முகங்களில் புதிதாகத் துளை போடவே கூடாது. தொட்டியின் உள்ளே கம்பெனி கொடுத்த கொக்கிகள் பெட்டி, மூட்டை கட்டுவதற்கு. ஆள் உயரக் கேபினுக்கு அல்ல.

நான்கு மூலைக்கும் அரை இன்ச் ஃபோர்ஜ்டு டர்ன்பக்கிள் (நடுவே திருகி இறுக்கும் இணைப்பு), இரு முனையிலும் திறந்த கொக்கியாக இல்லாமல் குறுக்கே ஆணி போட்டு மூடும் கவட்டை வாய். முன் இரண்டும் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இழுக்க வேண்டும். ஏற்றத்தில் கேபின் பின்னால் நழுவாமல் காப்பவை அவைதான். பின் இரண்டும் நேராகக் கீழே. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிங் இருக்கட்டும்: சேசிஸ் முறுக்கும்போது ஸ்பிரிங் நீண்டு கொடுக்கும், இல்லையென்றால் கேபின் சுவரிலிருந்து ஆங்கர் பிய்ந்துகொண்டு வரும். தொய்வு போகும் வரை இறுக்கி லாக்நட் போடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் கேபின் சட்டம்தான் வளையும். ராட்செட் பெல்ட்டை மட்டும் நம்பாதீர்கள்.

வயரிங்கில் விளக்கு வேறு, சார்ஜிங் வேறு. இரண்டையும் ஒரே பிளக்கில் திணிக்க நினைப்பதே பெரும்பாலான கோளாறுக்குக் காரணம். விளக்குக்கு ஐஎஸ்ஓ 1724 வட்ட 7 பின் சாக்கெட் போதும்: 1 மஞ்சள், இடது இண்டிகேட்டர், 3 வெள்ளை, எர்த், 4 பச்சை, வலது இண்டிகேட்டர், 5 பழுப்பு, வலது டெயில், 6 சிவப்பு, பிரேக், 7 கறுப்பு, இடது டெயில். 2 நீலம், பின்புற ஃபாக் விளக்குக்கு உரியது. ரிவர்ஸ் விளக்குக்குப் பயன்படுத்தினால் அதை ஒரு காகிதத்தில் வரைந்து கேபினுள் ஒட்டிவையுங்கள். அமெரிக்க வீடியோ பார்த்து அங்குள்ள தட்டை 4 பின் செட் வாங்காதீர்கள். அங்கே பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு விளக்கில் வரும் வண்டிகளுக்காகச் செய்தது அது. இங்கே இண்டிகேட்டர் தனி ஆரஞ்சு.

டெயில் லாம்ப் வயரைக் கிள்ளிச் சேர்ப்பது பழைய வண்டிகளில் நடந்தது. பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் விளக்குகளின் கரண்டைப் பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கணினி கவனிக்கிறது. கூடுதல் லோடு விழுந்தால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், இண்டிகேட்டர் ஒழுங்காகச் சிமிட்டாமல் போகலாம், சில சமயம் அந்தச் சுற்றையே மாட்யூல் துண்டித்துவிடும். டிரெய்லர் ரிலே மாட்யூல் ஒன்று வாங்கி, வண்டியிலிருந்து சிக்னலை மட்டும் எடுத்து, விளக்குக்கான கரண்டை 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து கொடுங்கள். ஜேசி ரோட்டில் கேட்டால் இதில் பழக்கம் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைப்பார். கேபின் உங்கள் பின்விளக்குகளையும் நம்பர் பிளேட்டையும் மறைத்தால், அவை கேபினின் பின்சுவரில் பளிச்செனத் தெரிய வேண்டும்; சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டும் சேர்த்து.

சார்ஜிங்குக்குக் கணக்கு இதோ. ஃபிரிட்ஜ் நாளுக்குச் சுமார் 40 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் ஃபேன் இரவு முழுதும் 18, விளக்கும் மொபைலும் 8, மொத்தம் 66. வண்டி ஓடும்போது கேபின் பேட்டரியை நிரப்பும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் மூன்றரை மணி நேர ஓட்டத்தில் இதைத் திரும்ப நிரப்பிவிடும். பெரிதாக 40 ஆம்பியர் வாங்கத் தேவையில்லை. லித்தியம் பேட்டரியை ரிலே போட்டு நேரே இணைப்பதும் கூடாது: அது கிடைக்கும் கரண்டையெல்லாம் இழுக்கும். சில்க் போர்டு நெரிசலில் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டருக்குக் காற்றும் இல்லை, சுற்றும் வேகமும் இல்லை; காயில் கருகும். பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் தானாகவே இறங்குவதால், வோல்டேஜ் பார்த்து இயங்கும் ரிலே சரியான நேரத்தில் இணைக்காது. சார்ஜருக்கு இக்னிஷன் சிக்னல் வயர் ஒன்று அவசியம்.

20 ஆம்பியர் வெளியே கொடுக்கும் சார்ஜர் உள்ளே சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். முன் பேட்டரியிலிருந்து தொட்டி வரை 6 மீட்டர், போக வர 12. 4 ஸ்கொயர் எம்எம் வீட்டு வயரில் 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 ஸ்கொயர் எம்எம் காப்பரில் அரை வோல்ட் சொச்சம்தான். ஆகவே 10. முன் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ், கேபின் பேட்டரிப் பக்கம் இன்னொன்று. இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஒரு ஃபியூஸ் போதாது. நெகட்டிவை முன் பேட்டரி முனையில் மாட்டாதீர்கள். அங்கே சென்சார் இருந்தால் அது தவறாகக் கணக்கிடும். பக்கத்துச் சேசிஸ் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள்.

சைலன்சர் இல்லாத பக்கச் சேசிஸ் ஓரமாக, கொருகேட்டட் குழாயில், 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். டிபிஎஃப் (டீசல் புகைக்கரி வடிகட்டி) சூட்டுக்கும் பிரேக் லைனுக்கும் பக்கத்தில் போகவே கூடாது. சார்ஜிங் வயரைக் கேபினோடு இணைக்கும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்கைத் தொட்டியின் முன்சுவர் மூலையில் உள்ளே வையுங்கள்; பம்பரில் வைத்தால் சேறு ஏறும். சுவரில் போடும் துளையின் விளிம்பைத் தேய்த்து, பிரைமர் அடித்து, ரப்பர் குரோமெட் போடாமல் வயரை நுழைக்காதீர்கள். ஏசி ஓட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்: 1,280 வாட்-மணி பேட்டரியில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி வடிவமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேபினை நிரந்தரமாகப் பொருத்தினால் அதற்குள் வந்துவிடுவீர்கள். கழற்றக்கூடியதாகவே வைத்திருங்கள், ஆனாலும் வேலை தொடங்குமுன் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு வெளியே பக்கவாட்டிலோ பின்னாலோ நீண்டால், 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். ஓடும்போது கேபினுக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும்.

எல்லாம் ஏற்றியபின், புறப்படும் கோலத்தில், டேங்க் நிரப்பி, குடும்பத்தோடு எடை மேடைக்குப் போங்கள். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக, பிறகு மொத்தமாக. பின் டயரில் அச்சிட்ட லோடு இண்டெக்ஸ் (தாங்கும் எடைக்கான எண்) 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். பின் ஆக்சில் எடையின் பாதியை அதோடு ஒப்பிடுங்கள். ஹெட்லைட் மேல்நோக்கிப் போயிருந்தால் இறக்குங்கள். முதல் ஓட்டம் ஓசூர் வரை போதும். 25 கிலோமீட்டரில் நிறுத்தி டர்ன்பக்கிள்களை மறுபடி இறுக்குங்கள். ஆண்டர்சன் பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கிரிம்ப் (வயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) சரியில்லை, அவிழ்த்துப் புதிதாகப் போட வேண்டும். கேபினோடு சேர்ந்த மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். நகரில் சில ரயில்வே அடிப்பாலங்கள் அதற்கு இடம் கொடுக்காது.