பகிடியில் அடி வாங்குவது யார்?

கேள்வி: என் கணவர் எதற்கும் வடிவேலு, கவுண்டமணி வசனத்தில்தான் பதில் சொல்கிறார். கிணற்று மோட்டர் எரிந்துபோச்சு என்றாலும் வசனம், மகனின் ரியூசன் காசு கேட்டாலும் வசனம். மோட்டரோடு சேர்த்து இவரையும் கிணற்றுக்குள் இறக்கலாம் போலிருந்தது. சொந்தக்காரர் வந்தால் என் நிறத்தையும் சமையலையும் வைத்துப் பகிடி விடுவார். நான் சிரிக்காவிட்டால், 'இவளுக்குப் பகிடி விளங்காது' என்று மச்சாள்மாரிடம் சொல்வார். எட்டு வயது மகனும் இப்போது இதே பாணியில் கதைக்கிறான். எனக்கு உண்மையிலேயே நகைச்சுவை உணர்வு இல்லையா? இன்னொன்று: இரவில் ரிவியில் மாமிக்கு நாடகம் வேண்டும், இவருக்கு காமெடி வேண்டும். யார் பக்கம் நிற்பது?
- பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, மோட்டரோடு புருஷனையும் கிணற்றுக்குள் இறக்க யோசித்த உங்களுக்கா பகிடி விளங்காது? அந்த வரியை வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். அந்தச் சந்தேகத்தை இன்றோடு விடுங்கள்.

உங்கள் கணவர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு. யுத்த காலத்தில் வன்னியில் வளர்ந்தவராக இருந்தால், கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்த்த கூட்டத்தில் அவரும் இருந்திருப்பார். ஒரே கசற்றைத் திரும்பத் திரும்பப் போட்டதில் வசனம் முழுக்கப் பாடம். நாலு சிநேகிதர் சந்தித்தால் ஒருவர் தொடங்குவார், மற்றவர் முடிப்பார். அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து பிடுங்கி எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் அடி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். வடிவேலுவின் பகிடியில் அது பெரும்பாலும் வடிவேலு மேல்தான் விழும். 'வின்னர்' (2003) கைப்புள்ள வீரம் பேசிக்கொண்டு போய் அடி வாங்கித் திரும்புகிற ஆள். 'ப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் அவர் நடித்த நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்தது. 18 வருடம் கழித்து, 2019 மே மாதம், பேஸ்புக்கில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போடப்போக, நேசமணி பிழைக்க வேண்டும் என்று ருவிற்றர் முழுக்கப் பிரார்த்தனை! அடி வாங்குகிறவர் மேல் சனத்துக்கு அவ்வளவு பாசம். ஆகவே மோட்டர் எரிந்த அன்று இவர் சொன்னது வடிவேலு வசனம் என்றால், 'என்ன செய்யிறதெண்டு எனக்கும் தெரியேல்ல' என்று ஒப்புக்கொண்டதாக எடுங்கள். சிரித்துவிட்டு, மோட்டர் திருத்துகிறவருக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள்.

கவுண்டமணி வேறு ரகம். எனக்கும் அவரைப் பிடிக்கும், ஆனால் அவர் பகிடியில் ஏச்சும் உதையும் எதிரில் நிற்பவருக்குத்தான். கறுப்பு, மொட்டை, குண்டு என்று எதையும் விடமாட்டார். அதற்கும் நாம் சிரிக்க முடிவது செந்தில் இருப்பதால். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கவுண்டமணி எவ்வளவு கத்தினாலும் செந்தில் அசையாமல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு நிற்பார். உதை வாங்கினாலும் பழம் தின்றது அவர்தான். உங்களுக்கோ பழமும் இல்லை, ஏச்சு மட்டும். அதுவும் மச்சாள்மாருக்கு முன்னால். அதற்குச் சிரித்துக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது.

அடுத்த முறை கோபிக்கவும் வேண்டாம், பல்லைக் காட்டவும் வேண்டாம். 'இதில சிரிக்க என்ன இருக்கு, எனக்கு விளங்கச் சொல்லுங்கோ' என்று எல்லோர் முன்னாலும் அமைதியாகக் கேளுங்கள். விளக்கம் சொல்ல வெளிக்கிட்டால் எந்தப் பகிடியும் செத்துப்போகும். சனம் போன பிறகு நேராகவே சொல்லிவிடுங்கள்: வடிவேலுவுக்கு வீட்டில் தடையில்லை, என் நிறத்தில் கைவைக்கிற பகிடி இனி வேண்டாம். ரியூசன் காசு கேட்டால் மட்டும் வடிவேலுவும் வேண்டாம், காசு வேண்டும்.

மகனை ஏசித் திருத்துவது கஷ்டம், அவன் தகப்பனைப் பார்த்துத்தானே செய்கிறான். வேறு மாதிரிச் சிரிப்பையும் காட்டுங்கள். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் யாருக்கும் ஏச்சு இல்லை. பாலையா பயந்து முழிக்கிற முழிக்கே பாதிச் சிரிப்பு. அப்புறம் எங்கட ஈழத்து நடிகர் கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பு. ஒரே ஆள் மேடையில் நின்று பஸ் கொண்டக்டராக முழு பஸ்ஸையும் கண்முன் கொண்டுவருவார், அதுவும் எங்கட பேச்சில். பஸ்ஸில் நெரிபட்ட எந்தப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

மாமியின் நாடகத்தில் தலையிட எனக்குத் துணிவில்லை. ரிவியை அவவுக்கே விடுங்கள். இவருடைய காமெடி எல்லாம் போனிலேயே கிடக்கிறது. ஒரு இயர்போன் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.