பாதுகாப்புக் கொள்முதல்: எந்த வேலைக்கு எந்த ஒப்பந்தம்? திருகோணமலை கேள்வி பதில்

சீனன்குடா, பட்டறை உரிமையாளர்: ஐயா, படைத்தளத்தின் இரும்பு இழுவைப் படகு ஒன்றைத் திருத்த மொத்தமாக ஒரு விலை கேட்கிறார்கள். கரையேற்றாமல் தகட்டின் அரிப்பை எப்படி மதிப்பிடுவது?

மதிப்பிட முடியாது தம்பி. அதனால் இந்த வேலையை ஒரே விலைக்குள் அடைக்கக் கூடாது. கரையேற்றி இறக்குவது, கழுவுவது, அனோட் (துருவைத் தடுக்கும் உலோகக் கட்டி) மாற்றுவது, பெயின்ற் அடிப்பது எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. அவற்றுக்கு நிலையான விலை. தகடு மாற்றுவதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று அலகு விலை. கரையேறியதும் அல்ட்ராசோனிக் கருவியால் தடிப்பை இரு தரப்பும் சேர்ந்து அளந்து, ஒரே தாளில் கையொப்பமிட்ட பிறகே வெட்டத் தொடங்க வேண்டும்.

சண்டை வருவது 'கிலோ' என்பதில்தான். 8 மி.மீ. தகடு சதுர மீற்றருக்கு 62.8 கிலோ. பொருத்திய பரப்புக்குக் காசா, வெட்டி எறிந்த துண்டுக்கும் சேர்த்தா? பொருத்திய நிகரப் பரப்பு என்று எழுதுங்கள். கழிவை உங்கள் விலைக்குள் வையுங்கள். தகட்டின் மறுபக்கப் பெயின்ற், வயர் கழற்றுவது, தாங்கி சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

படைத்தளத்துக் கொள்முதல் அலுவலர்களுக்கும் ஒன்று: டெண்டரில் உத்தேச அளவைக் குறைத்துப் போட்டால், கூடப்போகும் வேலை எதுவென்று தெரிந்தவர் அதற்கு மட்டும் விலையை ஏற்றி, மற்றதைக் குறைத்து, மொத்தத்தில் மலிவானவராகி வெல்வார். உத்தேச அளவை நேர்மையாகப் போடுங்கள். அளவு எத்தனை வீதம் மாறினால் அலகு விலையை மீண்டும் பேசலாம் என்பதையும் சேருங்கள்.

கிண்ணியா, மீன் வழங்குநர்: வருடம் முழுக்க ஒரே விலை சரிவருமா?

வராது. வாடைக்காற்றில், நவம்பர் முதல் ஜனவரி வரை, நம் கடலில் பிடிபாடு குறைகிறது. பருவத்துக்கு ஒரு விலை கேளுங்கள். அளவு நிச்சயமில்லாத ஒப்பந்தமென்றால், குறைந்தபட்சம் எவ்வளவு எடுப்பார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

உப்புவெளி, இயந்திர உதிரிப்பாக இறக்குமதியாளர்: டொலர் ஏறினால் யார் தலையில்?

நிலையான விலை என்று கையொப்பமிட்டால் உங்கள் தலையில். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360ஐத் தொட்டது. எந்த இலாபமும் அதைத் தாங்காது. டெண்டர் மூடும் நாளின் மத்திய வங்கி விலையை அடிப்படையாக வைத்து, இறக்குமதிப் பங்குக்கு மட்டும் விலைத் திருத்தம் கேளுங்கள். கூலிக்கும் உள்ளூர்ச் செலவுக்கும் அதைக் கேட்பது நியாயமில்லை.

திருகோணமலை நகர், கணக்கியல் மாணவி: செலவோடு 10 வீதம் இலாபம் என்ற முறை ஏன் கூடாது?

செலவு 100 என்றால் இலாபம் 10. 150 ஆனால் 15. வீணாக்குபவருக்குப் பரிசு, தங்கச்சி. அமெரிக்க மத்திய அரசுக் கொள்முதலில் அது சட்டப்படி தடை. செலவைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டிய ஆராய்ச்சி வேலைகளில் இலாபத்தை மாறாத ஒரு தொகையாக முதலிலேயே நிர்ணயித்துவிடுவார்கள்.

அதே மாணவி: இலக்குச் செலவு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு எப்படி வேலை செய்கிறது?

இலக்குச் செலவு என்பது இவ்வளவுதான் ஆகும் என்று இரு தரப்பும் முதலிலேயே ஒப்புக்கொள்ளும் செலவு. அது 100, இலாபம் 10, அரசு கொடுக்கும் உச்ச விலை 125, மிகைச்செலவில் அரசுக்கு 75 வீதம், நிறுவனத்துக்கு 25 வீதம் என்போம். 125இலிருந்து, இலக்கும் இலாபமும் சேர்ந்த 110ஐக் கழித்தால் 15, அதை அரசின் பங்கான 0.75ஆல் வகுத்தால் 20. இலக்கோடு கூட்டினால் 120. செலவு 120 ஆகும்போது இலாபம் 5ஆகச் சுருங்கி, விலை 125ஐத் தொடும். அதற்குமேல் ஒவ்வொரு ரூபாயும் நிறுவனத்தின் சொந்தக் காசு. போயிங்கின் கேசி-46 எரிபொருள் நிரப்பு விமானத்துக்கு 2011இல் எழுதியது இந்த வகைதான். உச்சவரம்பு 490 கோடி டொலர். வடிவமைப்பு முடியாத வேலைக்கு வரம்பு கட்டியதால் நிறுவனத்தின் நட்டம் 700 கோடி டொலரைத் தாண்டியது.

மூதூர், சிறு ஒப்பந்தக்காரர்: செலவைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் எனக்குக் கிடைத்தால் எடுக்கலாமா?

ஆட்களின் நேரப்பதிவு, வேலைவாரியான பொருள் வழங்கல் சீட்டு, பொதுச் செலவைப் பங்கிடும் முறை, இந்த மூன்றும் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் எடுக்காதீர்கள். கணக்காய்வில் ஆதாரமில்லாத செலவு வெட்டப்படும். வேலை செய்திருந்தாலும் காசு வராது.