கூழிலிருந்து மாம்பழம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். தர்மபுரி கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். படத்தைப் பார்த்து எழுதும் நாவல், கூழை உருட்டி மாம்பழம் செய்கிற மாதிரி என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சந்தேகம். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தை இரண்டு முறை பார்க்க முயன்று இரண்டு முறையும் தூங்கிவிட்டேன். ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலைப் படித்த பிறகுதான் அந்தக் கறுப்புப் பாளம் என்ன, கடைசியில் அந்த அறை எதற்கு என்று விளங்கியது. அதுவும் கூழ்தானா?

வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

கூழைப் பற்றி, அந்த வேலை தெரிந்தவர் காதுபட உளறியிருக்கக் கூடாது. கைதட்டலுக்காகச் சொன்னது. பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் உதாரணம். அது படத்திலிருந்து வந்த நாவல் அல்ல. கிளார்க்கும் படத்தின் இயக்குநர் குப்ரிக்கும் சேர்ந்து உட்கார்ந்து வளர்த்த கதை. 1968 ஏப்ரலில் படம் வந்தது, சில மாதங்களில் நாவல். இரட்டைப் பிள்ளைகள். நாவலில் கப்பல் சனிக்கோளுக்குப் போகிறது. படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. சனியின் வளையங்களை நம்பும்படியாகத் திரையில் செய்துகாட்ட அன்று முடியவில்லை. எழுதுகிறவனுக்கு வளையம் ஒரு வரிச் செலவு. வேடிக்கை என்னவென்றால், 1982-ல் அடுத்த பாகம் எழுதியபோது கிளார்க் தன் நாவலின் சனியை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனையே எடுத்துக்கொண்டார்.

கடைசி அறை நாவலில் விளங்குகிறது என்கிறீர்கள். எனக்கு அதுதான் குறை. படத்தில் பேச்சில்லாமல் திகைக்க வைத்தது, நாவலில் உரையாசிரியரைக் கூட்டிக்கொண்டு வருகிறது. தூங்கியவர் கட்சி வேறு, திகைத்தவர் கட்சி வேறு. விடுங்கள்.

உண்மையில் என் வாயை அடைப்பவர் அறிவியல் கதைகள் எழுதிய ஐசக் அசிமோவ். 1966-ல் ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ என்று ஒரு படம். விஞ்ஞானி ஒருவரின் மூளையில் ரத்தக்கட்டு. ஒரு நீர்மூழ்கியையும் அதிலுள்ள ஆட்களையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, அவர் ரத்தத்தில் ஊசி போட்டு ஏற்றுகிறார்கள். அறுபது நிமிடம்தான் கெடு. பிறகு எல்லாம் பழைய அளவுக்குப் பெரிதாக ஆரம்பித்துவிடும். படத்தில் நீர்மூழ்கியை வெள்ளணு விழுங்குகிறது, ஆட்கள் கண்ணீர் வழியாகத் தப்பிக்கிறார்கள். சுபம். நீர்மூழ்கி? அது உள்ளேயே கிடக்கிறது! நொறுங்கினாலும் அந்தச் சாமான் பெருத்து அந்த மனிதரைக் கொன்றுவிடாதா? நாவலாக எழுதித் தரத் திரைக்கதையைக் கையில் வாங்கிய அசிமோவால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. அவருடைய நாவலில், ஆட்கள் அந்த வெள்ளணுவையே தங்கள் பின்னால் துரத்திவர வைத்து, கண் வழியாகச் சிதைந்த கப்பலையும் சேர்த்து வெளியே கொண்டுவருகிறார்கள். படத்துக்குச் சில மாதம் முன்பே புத்தகம் வந்துவிட்டதால், நாவலைத்தான் படமாக்கினார்கள் என்று நம்புகிறவர்கள் நிறைய.

எதிர்க்கட்சிக்கும் ஆள் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் ‘தி தேர்ட் மேன்’ படத்தின் திரைக்கதைக்கு முன்னோட்டமாக ஒரு கதை எழுதினார். 1949-ல் படம், 1950-ல் புத்தகம். படிப்பதற்கென்று எழுதியதல்ல, படம்தான் மேல் என்று முன்னுரையில் அவரே சொல்லிவிடுகிறார். கதையின் முடிவில், சவ அடக்கம் முடிந்ததும் நாயகி நாயகன் கையைக் கோத்துக்கொண்டு நடக்கிறாள். படத்தில், நீண்ட மரச்சாலையில் தூரத்திலிருந்து நடந்துவந்து, காத்து நிற்பவனை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போய்விடுகிறாள். இயக்குநர் கரோல் ரீட் பிடித்த பிடி அது. அவர் சொன்னதே சரி என்று கிரீன் பிறகு ஒப்புக்கொண்டார்.

எனக்கு இந்த வகைக் கதை அறிமுகமானது புத்தகத்தில் அல்ல. பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து டென்ட் கொட்டாய்க்குப் போகக் கொடுத்துவைத்தவர்கள் ஓரிருவர்தான். அதில் என் அத்தை ஒருத்தி. மாசி, பங்குனியில் புளி தட்டும்போது முழுப் படத்தையும் சொல்லுவாள். பாட்டுப் புத்தகத்தின் கதைச்சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நழுவிவிடும். அத்தையால் நழுவ முடியாது. குவியலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் விடமாட்டார்கள். “அவ ராத்திரியோட ராத்திரியா போயிட்டா, சரி. தூளியில கெடந்த கொழந்தய யாருக்கா பாத்துக்கினாங்க?” கொட்டாயில் இதைக் கேட்க முடியாது, கேட்கத் தோன்றுவதற்குள் பாட்டு வந்துவிடும். அத்தை கையிலிருந்த புளியங்கொட்டையை ஒருமுறை உருட்டிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிழவியை அழைத்து வருவாள். கிழவிக்குக் கண் மங்கல், கொடுக்காப்புளி மரத்தடியில் ஆடு கட்டியிருக்கிறாள், இளகலாய் ராகிக்கூழ் காய்ச்சிக் குழந்தைக்கு ஊட்டுகிறாள். எல்லாம் அந்த நிமிடத்தில் பிறந்தவை. பல வருடம் கழித்து அந்தப் படத்தை டிவியில் பார்த்தேன். கிழவி வரவே இல்லை. எனக்குப் படம்தான் எதையோ வெட்டிவிட்ட மாதிரி இருந்தது.

அசிமோவ் செய்ததும் கிழவியைக் கூட்டிவந்த வேலைதான். அதனால் நல்ல கூழ் உண்டா என்றால், உண்டு. படம் வெளியாகும் வாரத்தில் கடைக்கு வந்துவிட வேண்டுமென்று, ‘அவன் திரும்பினான், அவள் முறைத்தாள்’ என அடித்துத் தள்ளுகிறார்களே, அவற்றுக்கு மட்டும் மேடையில் சொன்னது அப்படியே நிற்கட்டும்.

அசிமோவ் பிரதி என்னிடம் இருக்கிறது, முன் அட்டை இல்லாமல். மாங்காய் சீசன் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தரவேண்டிய தேதியைப் பென்சிலால் உள்ளே குறித்துத்தான் கொடுப்பேன்.