வேலை தேடவும் வியாபாரம் வளர்க்கவும் சமூக ஊடகம்: கேள்வி பதில்

ஆள் எடுக்கும் வேலையில் பதினான்கு வருடம் இருந்தேன். இப்போது தனியாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு வாடிக்கையாளர் தேடுவதில் உதவுகிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் நான்கு வருட அனுபவம். வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் அறுபது பேருக்கு "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினேன். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். எங்கே தப்பு?

பதில்: தம்பி, கேட்ட விதத்தில்தான் சிக்கல். "ஏதாவது வேலை" என்று வந்தால், படிப்பவர் முதலில் உங்களுக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். அப்புறம் தன் அலுவலகத்தில் எந்த இடம் காலி என்று விசாரிக்க வேண்டும். இரண்டும் பொருந்துமா என்றும் அவரே யோசிக்க வேண்டும். உதவும் மனசு உள்ளவர்கூட "ராத்திரி பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைப்பார், மறந்தும் போவார்.

அந்த வேலையை நீங்களே செய்துவிடுங்கள். நிறுவனத்தின் தளத்தில் காலியிடத்தைத் தேடி எடுத்து, ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். இப்படி: "வணக்கம். பழைய அலுவலகத்தில் நீங்கள் பில்லிங் டீமில் இருந்தபோது நான் டெஸ்டிங்கில் இருந்தேன். உங்கள் நிறுவனத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டர் இடம் ஒன்று பார்த்தேன். அந்த டீமில் எந்த டூல் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியுமா?" இதற்குப் பதில் எழுதுவது எளிது. பேச்சு தொடங்கிவிட்டால், "ரெஸ்யூமே அனுப்புங்கள், ரெஃபர் செய்கிறேன்" என்று பலர் தாங்களாகவே சொல்வார்கள்.

யாருக்கு எழுதுவது என்பது இதைவிட முக்கியம். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்த நபரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் கிடைத்தது 16.7 சதவீதம் பேருக்குத்தான். எப்போதாவது பார்க்கிறவர் மூலம் 55.6 சதவீதம். மிக அரிதாகப் பார்க்கிறவர் மூலம் 27.8 சதவீதம். காரணம் எளிமையானது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கொஞ்சம் தள்ளி இருப்பவர் வேறு வட்டத்தில் புழங்குகிறார்.

கிரானோவெட்டர் பேசிய ஆட்கள் சில டஜன் பேர்தான். ஆனால் 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இனில் ஐந்து வருடத்தில் இரண்டு கோடிப் பேரின் தொடர்புகளை வைத்து இதையே சோதித்தது. கொஞ்சம் பொது நண்பர்கள் இருக்க வேண்டும், ஆனால் நெருக்கம் இருக்கக் கூடாது, அப்படிப்பட்டவர்கள்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவியிருக்கிறார்கள். உங்களைப் போலக் கணினி சார்ந்த துறைகளில் இந்த ஆதாயம் கூடுதலாகவே தெரிந்தது. அதனால் முன்பின் தெரியாத மேலதிகாரிகளை விட்டுவிடுங்கள். பழைய அலுவலகத்தில் பக்கத்து டீமில் இருந்தவர், ஒரே பயிற்சி வகுப்புக்கு வந்தவர், முன்னாள் வாடிக்கையாளர் என்று இருபது பேர் பட்டியல் போடுங்கள்.

கேள்வி: லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் "வாய்ப்புக்காகக் காத்திருக்கிறேன்" என்று போட்டிருக்கிறேன். சரிதானே மேடம்?

பதில்: மாற்றிவிடுங்கள். ரிக்ரூட்டர், அதாவது ஆள் எடுப்பவர், யாரும் அந்தச் சொற்களைத் தட்டித் தேடுவதில்லை. "ஜிஎஸ்டி", "பேரோல்", "டேலி" என்றுதான் தேடுவார்கள். 220 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் நீங்கள் எங்காவது கமெண்ட் போடும்போது பெயருக்குக் கீழே அதன் தொடக்கம் மட்டுமே தெரியும். செய்கிற வேலை, துறை, அனுபவம் மூன்றும் அந்தத் தொடக்கத்திலேயே வரட்டும்.

கேள்வி: இப்போதைய அலுவலகத்துக்குத் தெரியாமல் வேலை தேட முடியுமா?

பதில்: லிங்க்ட்இனில் வேலைக்குத் தயார் என்ற அறிவிப்பை ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும்படி வைக்கலாம். உங்கள் நிறுவனத்தின் ரிக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் மறைக்க லிங்க்ட்இன் முயலும், உத்தரவாதம் தராது. விஷயம் கசிந்தால் பெரிய சிக்கல் வரும் என்றால் அந்த வசதியைத் தொடவே வேண்டாம். நேரடியாகத் தெரிந்தவர்களிடம் மட்டும் பேசுங்கள்.

கேள்வி: எனக்கு எழுத வராது, நாலு பேர் முன்னால் என்னைப் பற்றிப் பேசவும் கூச்சம். போஸ்ட் போடாமல் தொடர்பு வளர்க்க முடியுமா அக்கா?

பதில்: முடியும். போஸ்ட்டே போடாமல் நல்ல பெயர் எடுத்தவர்களை நான் வேலைக்கு எடுத்திருக்கிறேன். ஒரு பெண் சரக்குப் போக்குவரத்துத் துறையில் இருந்தார். மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதுவார், அவ்வளவுதான். சுங்க ஆவணத்தில் எந்த இடத்தில் தவறு வரும், கன்டெய்னர் தாமதமானால் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று நாலு வரியில் இருக்கும். ஒரு வருடம் அதைப் படித்துவந்த எனக்கு, அந்தத் துறையில் ஆள் தேவை என்றதும் முதலில் நினைவுக்கு வந்தது அவர்தான். ஒரு வார்த்தைகூட அதற்கு முன் பேசியதில்லை.

"அருமை", "வாழ்த்துகள்" என்பவை யார் மனதிலும் நிற்பதில்லை. கமெண்ட்டில் உங்கள் அனுபவம் ஒரு வரியாவது இருக்கட்டும். வாரத்துக்கு மூன்று போதும். உங்கள் துறையில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களைத் தொடர்ந்து படியுங்கள். பெரும்பாலும் ஒரு சில மாதங்களில் அவர்களில் இரண்டு மூன்று பேராவது உங்கள் பெயரை அடையாளம் காண ஆரம்பிப்பார்கள். கூச்சம் உள்ளவர்கள் பொதுவாக மற்றவர் சொல்வதைக் கவனித்துக் கேட்பார்கள். இந்த வழி அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கேள்வி: எத்தனை தளங்களில் கணக்கு வேண்டும்?

பதில்: ஒன்று. அதில் பழகிய பிறகு இரண்டாவது.

கேள்வி: கையால் செய்த பைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன் மேடம். ஒன்பதாயிரம் ஃபாலோயர். லைக் வருகிறது, ஆர்டர் மாதத்துக்கு நாலைந்துதான். ஃபாலோயர்களை விலைக்கு வாங்கினால் பலன் இருக்குமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் ஆள் இல்லை, பை வாங்கப் போவதும் இல்லை. அதோடு, உங்கள் பதிவை முதலில் பார்ப்பவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் தளமும் அதை மேலும் பலருக்குக் கொண்டுபோகாது.

உங்கள் கணக்கை வாங்க வந்தவர் கண்ணோடு பார்த்தேன். ஒரு பதிவில்கூட விலை இல்லை, "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்றிருக்கிறது. விலை கேட்கவே தயங்குகிறவர்கள் நிறைய, அவர்கள் அப்படியே நகர்ந்துவிடுவார்கள். விலை, அளவு, எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். பையை ஒருவர் தோளில் மாட்டியிருக்கும் படம் ஒன்றும், உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்த படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அளவைச் சென்டிமீட்டரில் கற்பனை செய்ய யாராலும் முடியாது.

அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ். அதில் கேட்டலாக் போடலாம், "பணம் வரவேண்டியது", "புது வாடிக்கையாளர்" என்று லேபிள் ஒட்டலாம். புதிதாக ஒன்று செய்தால் முன்பு வாங்கியவர்களுக்கு பிராட்காஸ்ட்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போகும்படி, அனுப்பலாம், ஒரு பட்டியலில் 256 பேர் வரை. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் பார்சலில் ஒரு சின்ன அட்டை வைத்து, "புதியவற்றைப் பார்க்க இந்த எண்ணைச் சேமியுங்கள்" என்று எழுதுங்கள். ஒருமுறை வாங்கித் திருப்தியானவர் மறுபடி வாங்குவதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் உழைப்பில் பாதி அவர்களுக்குப் போகட்டும்.

கேள்வி: முழு வியாபாரமும் ஒரே ஃபேஸ்புக் பக்கத்தை நம்பித்தான். ஏதாவது ஆனால்?

பதில்: 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் முடங்கின. அது ஆறு மணி நேரத்தோடு போயிற்று, சில தளங்கள் நிரந்தரமாகவே போயிருக்கின்றன. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கு 2019-இல். நான் உதவிய ஒரு தையல் கடைக்காரரின் கணக்கு ஒருநாள் காலையில் முடக்கப்பட்டிருந்தது. திரும்பக் கிடைக்க ஐந்து வாரம். அவரிடம் வாடிக்கையாளர் எண் ஒன்றுகூட வெளியே எழுதி இல்லை. அந்த ஐந்து வாரமும் அவர் பட்ட கவலையைக் கூட இருந்து பார்த்தேன், அதனால்தான் இதை எல்லோரிடமும் சொல்கிறேன்.

இன்றே மூன்று காரியம் செய்யுங்கள். பக்கத்துக்கு நம்பிக்கையான இன்னொருவரை அட்மினாகச் சேருங்கள். இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதியை, இயக்குங்கள். வாங்கியவர்களின் பெயரையும் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டிலோ எக்ஸெல்லிலோ எழுதி வையுங்கள்.

கேள்வி: பெரிய நிறுவனத்தின் எச்ஆர் என்று ஒருவர் செய்தி அனுப்பினார். வேலை உறுதியாம், பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்.

பதில்: கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஆதார், வங்கி விவரம் எதையும் அனுப்பாமல் அந்தக் கணக்கைப் புகார் செய்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஆறு வருடம் முன்பு என் மேலாளராக இருந்தவரிடம் இப்போது உதவி கேட்க வேண்டும். இடையில் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. காரியத்துக்காக வருகிறேன் என்று நினைப்பாரோ?

பதில்: நினைக்கலாம், அதனால் மறைக்காதீர்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்று தொடங்கி மூன்று நாள் கழித்து விஷயத்துக்கு வந்தால்தான் அவருக்குச் சங்கடம். ஒரே செய்தியில் எழுதுங்கள்: "சார், இத்தனை நாள் தொடர்பில் இல்லாமல் போனது என் தவறு. வாராந்திர அறிக்கையை எப்படி எழுதுவது என்று நீங்கள் காட்டித் தந்ததை இன்றும் அப்படியே பின்பற்றுகிறேன். ஒரு வேலை மாற்றம் பற்றி உங்கள் கருத்து தேவைப்படுகிறது. பத்து நிமிடம் பேச முடியுமா?" அவரிடம் கற்றதில் உங்களுக்கு உண்மையாகவே நினைவிருப்பதை அந்த இடத்தில் எழுதுங்கள். பேசி முடித்தபின் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியப்படுத்துங்கள். நான் சிபாரிசு செய்த எத்தனையோ பேரில் அப்படித் திரும்பி வந்து சொன்னவர்கள் மிகச் சிலர், அவர்கள் எல்லோர் பெயரும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.