முதலமைச்சர் காப்பீட்டில் அப்பாவுக்கு பைபாஸ் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். அப்பாவுக்கு இன்னும் காப்பீட்டு அட்டை எடுக்கவில்லை, தனியார் மருத்துவமனையில் "முதலில் பணம் கட்டி அட்மிட் ஆகுங்கள், காப்பீட்டைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். இந்தத் திட்டத்தில் காப்பீட்டுப் பணம் நேரே மருத்துவமனைக்குத்தான் போகும். நீங்கள் கட்டிவிட்டு பில்லைக் காட்டித் திரும்ப வாங்க வழியில்லை.

முதலில் தகுதி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 வரை இது 72,000 ஆக இருந்தது. இப்போதைய வரம்பு மாதக் கணக்கில் 10,000 ரூபாய். சென்னையில் ஒரு வாட்ச்மேன் சம்பளமே அதைத் தாண்டிவிடும் என்பதால் இந்த வரம்பு இன்னும் குறைவு என்பதே என் கருத்து. அப்பா பெயர் எந்த ரேஷன் அட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் அட்டையில் இருந்தால் உங்கள் சம்பளமும் கணக்கில் வரும். அம்மாவும் அப்பாவும் தனி அட்டையில் இருந்தால் அவர்கள் வருமானம் மட்டும்தான்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து அனுப்ப வேண்டும் என்பதால் நாளாகும். அதை இன்றே போட்டுவிடுங்கள். சான்று, ரேஷன் அட்டை, குடும்பத்தார் ஆதார் எல்லாம் கையில் வந்ததும் சென்னை ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் அட்டையில் "கே. குமார்", ஆதாரில் "குமார் கண்ணன்" என்று இருந்தால் பதிவிலோ பிறகு மருத்துவமனையிலோ இடிக்கும். போகும் முன்பே சரிசெய்துகொள்வது நல்லது.

அடுத்தது மருத்துவமனை. ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லாச் சிகிச்சைக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. எலும்பு அறுவைக்கு மட்டும் அனுமதி வாங்கிய இடத்தில் பைபாஸுக்குக் காப்பீடு செல்லாது. அதனால் "உங்களிடம் முதலமைச்சர் காப்பீடு உண்டா?" என்று பொதுவாகக் கேட்காமல், "இதய அறுவைக்கு உண்டா?" என்று காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையிலும் இந்தக் காப்பீட்டில் சிகிச்சை நடக்கிறது.

கவுன்டரில் நடப்பது இதுதான்: டாக்டர் குறிப்பு, எக்கோ (இதய ஸ்கேன்), ஆஞ்சியோ ரிப்போர்ட், அதன் வீடியோ சிடி, நோயாளி போட்டோ எல்லாவற்றையும் ஏற்றிக் காப்பீட்டு நிறுவனத்திடம் அப்ரூவல் கேட்பார்கள். ரிப்போர்ட் தெளிவில்லை, ஆஞ்சியோ சிடி ஓடவில்லை என்றால் அங்கே 'குவெரி' (விளக்கக் கேள்வி) போட்டுத் திருப்பிவிடுவார்கள். "இன்னும் வரவில்லை" என்று சொன்னால் அதோடு வந்துவிடாமல், குவெரி இருக்கிறதா, எதற்கு என்று கேளுங்கள். பாதி நேரம் மருத்துவமனை அனுப்ப மறந்த ஒரு தாளாகத்தான் இருக்கும். உயிருக்கு ஆபத்தான நிலையென்றால் தொலைபேசியில் அனுமதி வாங்கி அறுவையைத் தொடங்க வழி உண்டு.

காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், ஆளுக்கு அல்ல. அதே ஆண்டில் அம்மாவுக்கு ஏதும் செய்திருந்தால் மிச்சம்தான் அப்பாவுக்கு. சிகிச்சைக்கு 'பேக்கேஜ்' தொகை முன்பே நிர்ணயம். படுக்கை, மருந்து, பரிசோதனை, டாக்டர் கட்டணம் அதற்குள் அடக்கம். "உயர் ரகப் பொருள் போடுகிறோம், மேல் பணம் கட்டுங்கள்" என்றால் எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் 1800 425 3993 கட்டணமில்லா எண்ணில், அப்பா வார்டில் இருக்கும்போதே புகார் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆனபிறகு மேல் பணம் கட்டிய ரசீதோடு துரத்துவது பெரும்பாடு.