வார்த்தை வராத நாட்களில் ஜெபம்

"அப்பா ஐ.சி.யு.வில் இருக்கிறார். நான்கு நாளாக ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை என் வீட்டில் நடந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்.

2018 நவம்பர். என் வீட்டுக்காரருக்கு அப்போது 46 வயது. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெயிண்ட் கடை வைத்திருந்தார். எங்கள் கோயிலில் (திருநெல்வேலிப் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்) பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிப்பவர் அவர். மைக் இல்லாவிட்டாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு ராத்திரி பத்தரை மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவர் செம்பைக் கீழே போட்டுவிட்டார். சத்தம் கேட்டு நான் போனபோது, ஈரத்தில் நின்றபடி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார், குழறலாக இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். "படுங்க, காலைல பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். தரையைத் துடைத்துவிட்டு நானும் படுத்துவிட்டேன். ஆறு மணிக்கு எழுப்பப் போனால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, வலது கையும் காலும் அசையவில்லை.

பக்கவாதம். மூளையின் இடது பக்கம் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. அந்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார். "பத்தரை" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. (இதை வாசிக்கிற யாராக இருந்தாலும் சரி: வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே 108க்குப் போன் செய்யுங்கள்.)

அவருக்கு உயிருக்கு ஆபத்து நீங்கியது, ஆனால் பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது பெரும்பாலும் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "ஆ... தா... தா..." என்றுதான் வரும். கோயிலே நிறையும்படி வாசித்த மனுஷன். என் பெயரைச் சொல்லப் பார்த்து, முடியாமல், கண்ணை மூடிக்கொள்வார்.

எனக்கும் ஜெபம் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டால், செம்பு விழுந்த சத்தம்தான் காதில் கேட்கும். "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும்.

பார்க்க வந்தவர்களில் சிலர் பேசியது அதைவிட வலித்தது. விசுவாசத்தோடு ஜெபித்தால் எழுந்து நடப்பார் என்றார் ஒருவர். வீட்டில் ஏதாவது பாவம் மறைந்திருக்கிறதா, ஆராய்ந்து பாருங்கள் என்றார் இன்னொருவர். மாத்திரையை நிறுத்திவிட்டு ஆண்டவரை மட்டும் நம்பச் சொல்லி ஒருவர் போனிலேயே ஜெபித்தார். அன்போடுதான் சொன்னார்கள் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அது தவறு, தவறு என்றே சொல்வேன். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது யோபுவை அல்ல, அந்தச் சிநேகிதர்களை. மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அப்போஸ்தலர் பவுலோடு கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர். எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று கர்த்தரே சொல்லிவிட்ட பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அவன் பிளவையின் (கட்டியின்) மேல் அத்திப்பழத்து அடையைப் போடச் சொன்னார். மாத்திரைக்கும் ஜெபத்துக்கும் சண்டை இல்லை.

ஐந்தாம் நாள் எங்கள் ஐயர் வந்தார் (போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்). வசனம் சொல்லித் தேற்றப் போகிறார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஜெபிக்க முடியுதாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா" என்றேன். "சரி, ஓய்வுநாள் பள்ளியில படிச்ச சங்கீதம் ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு 13ஆம் சங்கீதம் (வேதத்தில் பாட்டாக இருக்கிற ஜெபங்களில் ஒன்று) ஞாபகம் இருந்தது. பத்து வயதில் வசனப் போட்டிக்காக மனப்பாடம் செய்தது. பரிசாக ஒரு ஸ்டீல் டம்ளர் கொடுத்தார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி தானாக வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பத்து வயதில் அர்த்தம் தெரியாமல் ஒப்பித்ததை, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் முதல் தடவையாக ஜெபித்தேன். கடவுளைப் பார்த்து "மறந்துவிட்டீரா?" என்று கேட்கலாம், கேட்டால் அடிக்க மாட்டார், அந்தக் கேள்வியை அவர் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. 88ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

ஐயரிடம் அந்த ராத்திரியைப் பற்றியும் சொன்னேன். அதுவரை யாரிடமும், என் மாமியாரிடம்கூட, சொல்லவில்லை. அவர் "உன் மேல தப்பில்லம்மா" என்று சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. பையிலிருந்து ஆராதனைப் புத்தகத்தை எடுத்து, பாவ அறிக்கை ஜெபத்தை என்னோடு சேர்ந்து சொன்னார். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் முப்பது வருஷமாகச் சொல்லிவந்த ஜெபம்தான். அதற்கப்புறம் பாவமன்னிப்பின் வார்த்தைகளை என் தலையில் கை வைத்துச் சொன்னார். குற்ற உணர்ச்சி அன்றைக்கே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி பெஞ்சில் படுத்து மூன்று மணி நேரம் தூங்கினேன்.

இப்போது சொல்லப்போவதை என் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். மூன்றாவது வாரம், வீட்டுக்கு வந்துவிட்டோம். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார்கள். அவர் உதடு அசைந்தது. "உம்முடைய நாமம்" என்ற இடத்தில் சத்தம் கேட்டது. "ராஜ்யம் வருவதாக" என்று அவர் சொன்னார். தெளிவாக! சின்னவள் ஜெபத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை, தனியாகவே ஆமென் வரைக்கும் போனார். முடிந்ததும் நான் "என் பேரைச் சொல்லுங்க" என்றேன். "தா... தா..." என்றுதான் வந்தது.

மறுநாள் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம், அற்புதம் நடந்தது என்று சொன்னேன். அவர் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். இதற்கு அஃபேசியா என்று பெயர். பேச்சுக்கான இடம் அடிபட்டவர்களுக்கு, புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டிச் சொல்ல வராது. ஆனால் சின்ன வயதிலிருந்து தாளத்தோடு சொல்லிப் பழகிய ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, இதெல்லாம் பல பேருக்கு மிஞ்சியிருக்குமாம். இதை வைத்து, ராகம் போட்டு இழுத்துப் பேச வைக்கிற ஒரு பயிற்சியை 1973இல் பாஸ்டனில் உருவாக்கியிருக்கிறார்கள். எங்களுக்கும் அந்த வழியில்தான் ஆரம்பித்தார். விளக்கம் கேட்டதால் எனக்கு ஸ்தோத்திரம் குறையவில்லை. இப்படி ஒரு மூளையைப் படைத்தவருக்குத்தானே ஸ்தோத்திரம்.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் (இயேசு சிலுவையில் சொன்ன வார்த்தைகளைத் தியானிக்கிற ஆராதனை) அவரைச் சக்கர நாற்காலியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கேட்டேன். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. மூச்சு முட்டுகிற நேரத்தில் இயேசுவே தன் ஜனங்களின் பழைய சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், சொந்த வார்த்தை தேடாதீர்கள். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து, சின்ன வயதில் படித்தது எது வருகிறதோ அதைச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் நிற்கட்டும். அதுவும் வரவில்லையா, உங்களுக்காகச் சொல்ல ஒருவரைக் கூப்பிடுங்கள். எனக்குப் பல நாள் என் பெரியம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தார்கள், நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம், சாப்பிடுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடி படுத்தவனை எழுப்பி இன்னொரு தரம் சாப்பிட வைத்தான். பெரியம்மாவும் தினமும் தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவருவார்கள். நான் கடைசிக் கவளம் வரை சாப்பிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

அவர் இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. கோலை ஊன்றி நடக்கிறார், வலது கை மடங்கித்தான் இருக்கிறது. கடையை என் தம்பி பார்க்கிறான். சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார். என் பெயர் வர ஏழு மாதம் ஆனது.

உங்கள் அப்பாவின் பெயரை மட்டும் பின்னூட்டத்தில் எழுதுங்கள், வேறு விவரம் வேண்டாம். எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெபம். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்கள் பெயரைச் சொல்வது இப்போது அவருடைய வேலை. ஒரு புதுப் பெயர் திருத்தமாக வர அவருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். காலையிலிருந்தே சொல்லிப் பழகுவார்.